பொன்வண்ணம் பூசிய கார்பன் அம்புகள்

கார்பன் அம்பு கோணாது. மரக்கம்பு ஈரக்காற்றில் வளையும், வெயிலில் முறுகும். இதற்கு இரண்டும் தெரியாது. ஒன்றில் நேராக இருக்கும், இல்லாவிட்டால் உடைந்திருக்கும். இதை எனக்குச் சொன்னவன் என் மனைவியின் தம்பி. கனடாவில் இருக்கிறான். அங்கே குறிபார்க்கும் கருவி எதுவும் பூட்டாத மரவில்லால் அம்பு எய்யும் ஒரு கூட்டத்தோடு வார இறுதிகளில் சேர்ந்துகொள்கிறான். அவர்களுக்கு வில் பழைய முறையில் இருக்க வேண்டும். அம்பு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. மர அம்புகளை ஒவ்வொன்றாக நெருப்பில் காட்டி நிமிர்த்திச் சலித்துப்போய்க் கார்பனுக்கு மாறியதாகச் சொன்னான்.

நாங்கள் நெடுந்தீவில் இருக்கிறோம். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் வேலைசெய்து ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் ஊருக்கு வந்துவிட்டோம். அவளுடைய குடும்பத்துக்கு இங்கே அம்மன் கோயிலில் ஒரு உபயம் உண்டு. விஜயதசமியன்று நடக்கும் மானம்பூத் திருவிழாவின் செலவும் பொறுப்பும் அவர்களுடையவை. அம்மன் குதிரை வாகனத்தில் வெளியே வருவாள். வீதியில் வன்னியிலை கட்டிய வாழை ஒன்று நட்டிருக்கும். அதுதான் அசுரன். மற்றக் கோயில்களில் அந்த வாழையை வாளால் வெட்டுவதோடு காரியம் முடிந்துவிடும். எங்கள் கோயிலில் வெட்டுக்கு முன் ஐயர் அம்மனுக்காக ஒரு அம்பு எய்ய வேண்டும். அம்பு தண்டில் ஏறி நின்ற பிறகுதான் வாளை எடுப்பார்.

முன்பெல்லாம் அம்பு என்பது ஒரு பூவரசங்கம்பு. திருவிழாவுக்குச் சற்று முன் வெட்டித் தோல் சீவி, முனையில் பித்தளைக் கூர் ஒன்றைச் செருகுவார்கள். வில்லும் அலங்கார வில்தான். எய்து முடிந்தால் மறுநாள் காலையில் கூரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கம்பைக் கடலில் விட்டுவிடுவார்கள். அடுத்த ஆண்டுவரை அது தாங்குமா என்று கேட்கும் தேவை யாருக்கும் வந்ததில்லை.

மூன்று திருவிழாக்களுக்கு முன் அந்தக் கம்பு வாழைக்குப் போகவில்லை. வில்லைவிட்டுப் புறப்படும்போதே ஒருபக்கம் சாய்ந்து, வாழையைக் கடந்து, தவில்காரரின் தவிலில் பட்டு விழுந்தது. தோல் கிழியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் சிரித்தது. ஐயர் தாளம் போட்டுவிட்டார் என்று யாரோ சொன்னது அன்றிரவுக்குள் தீவு முழுவதும் போனது. அடுத்த ஆண்டு முழுக்க அவருக்குத் தாளம் ஐயர் என்று பெயர். கடையிலும் படகிலும் அந்தப் பகிடி நடந்தது. ஐயர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் படகில் போகும்போது மேலே வந்து கதைத்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, கீழே ஒரு மூலையில் இருக்கத் தொடங்கினார். அதை நான் கவனித்தேன்.

என் மைத்துனனும் ஐயரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கைத்தொலைபேசியில் வந்த வீடியோவில் அம்பு தவிலில் படுவதைப் பார்த்த அவன், அடுத்த நவராத்திரிக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து இறங்கினான். மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு வில்லும் ஆறு கறுப்பு அம்புகளும் அவன் பெட்டியில் இருந்தன. அம்புகள் சின்னவிரலிலும் மெல்லியவை, உள்ளே பொள்ளல், முனையில் எஃகுக் கூர். கையில் எடுத்தால் பாரமே தெரியாது. உரப்பை ஒன்றில் கரையொதுங்கிய சாதாளை என்ற கடற்புல்லைக் காயவைத்து அடைத்து, கோயிலுக்குப் பின்னால் உள்ள வெளியில் நிறுத்தி, இருவரும் மாலையில் எய்து பழகினார்கள். அன்று நான் ஒரு கதிரையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பந்தெறியவே தெரியாத ஆள் நீர் என்று ஐயரை இவன் சீண்டினான். கனடாவில் மானுக்கு அம்புவிட்டுத்தான் சாப்பிடுகிறீரோ என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நெடுந்தீவில் எந்தத் திசையில் எய்தாலும் கடைசியில் ஒரு மதில் நிற்கும். கடலில் எடுத்த முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய மதில்கள், வளவுக்கு வளவு. பையைத் தவறிய அம்பு மதிலில் போய்ப் பட்டது. ஐயர் ஓடிப்போய் எடுத்துப் பார்த்தார். கூர் மழுங்கியிருந்ததே தவிர, தண்டு அப்படியே இருந்தது. பூவரசங்கம்பாக இருந்தால் சிராய் சிராயாகப் பிளந்திருக்கும். உடையாதோ என்று ஐயர் கேட்டார். லேசில் உடையாது, ஆனால் கல்லில் பட்டதைப் பார்க்காமல் திரும்ப எய்யக்கூடாது என்று மைத்துனன் சொன்னான். அந்த வாக்கியத்தின் முதற்பாதி மட்டும் தீவில் தங்கியது.

அந்த ஆண்டு அம்பு வாழைத்தண்டில் ஒரு சாண் ஏறி நின்றது. தவில்காரர்தான் முதலில் கைதட்டினார். தாளம் ஐயர் என்ற பெயர் அத்தோடு போனது. மைத்துனன் வில்லையும் அம்புகளையும் கோயிலுக்கே விட்டுவிட்டுப் பயணமானான். ஐயருக்கு அதில் ஆசை வந்துவிட்டது. மாலைப் பூசைக்கு முன் பின்வெளியில் தனியே எய்துகொண்டிருப்பார். ஒரு அம்பு முட்செடிப் பற்றைக்குள் போய்த் தொலைந்தது. மற்ற ஐந்தும் மதிலில் எத்தனை தடவை பட்டும் உடையவில்லை. வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் காட்டுவார். இரும்புக்குக் கறள் பிடிக்கிற, மரத்தைக் கறையான் தின்கிற உப்புக்காற்றில் ஒரு பொருள் மாறாமல் இருக்கிறது என்பது எங்கள் ஊரில் பெரிய செய்தி. நான் பத்திரிகையில் இருந்திருந்தால் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகப் போட்டிருப்பேன்.

ஒரேயொரு குறை, நிறம். அம்மனுடைய ஆயுதம் கறுப்பாக இருப்பது நல்லதில்லை என்று உபயகாரரான என் மனைவி வீட்டுப் பெண்கள் முதல் ஆண்டே முணுமுணுத்தார்கள். ஐயருக்கும் அது உறுத்தியது. சென்ற ஆண்டு சிங்க வாகனத்துக்கு நிறம் தீட்ட யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வந்தபோது, ஐந்து அம்புகளையும் அவரிடம் கொடுத்தார். வாகனத்துக்குப் பூசிய அதே பொன்வண்ணம், இரண்டு பூச்சு, அதற்குமேல் வார்னிஷ். மிக அழகாக இருந்தன. ஆயுத பூசையன்று அம்மனின் வாளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூச்சாத்தினார்கள். மறுநாள் அவற்றில் ஒன்று வாழையில் ஏறி நின்றது. அதன்பிறகும் ஐயர் எய்து பழகுவதை நிறுத்தவில்லை.

இந்த ஆண்டு மைத்துனனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. திருவிழாவுக்கு முதல்நாள் என்னோடு தொலைபேசியில் கதைத்தபோது, அம்புகளை ஒருதரம் பார்த்துவிடுங்கோ அத்தான் என்றான். பார்ப்பது என்றால் எப்படி என்றேன். இரண்டு நுனியையும் பிடித்துக் காதுக்குக் கிட்டே வைத்து மெல்ல வளைக்க வேண்டும், பிறகு கொஞ்சம் உருட்டித் திரும்ப வளைக்க வேண்டும். டிக் என்றோ நறநற என்றோ கேட்டால் உள்ளே நார் அறுந்திருக்கிறது. வெளியே தலைமயிரளவு கீறல் தெரியும், சிலவேளை அதுவும் தெரியாது.

கீறினால் என்ன, முறியும், அவ்வளவுதானே என்றேன். அவன் சொன்ன பதிலை நான் எழுதிவைக்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. அந்த வில்லில் அம்பை வைக்கத் தட்டு எதுவும் கிடையாது. வில்லைப் பிடித்திருக்கும் இடது கைமுட்டியின் மேலேயே அம்பு கிடக்கும். நாண் பின்னாலிருந்து தள்ளும்போது அம்பு ஒருமுறை வளைந்து நிமிர்ந்துதான் புறப்படும். கீறல் இருந்தால் அந்த வளைவில் கிழியும். கிழிந்த துண்டு பெருவிரலின் அடியில் ஏறும். அவனுடைய கூட்டத்தில் ஒருவருக்கு அப்படி நடந்திருக்கிறது. ஊசியிலும் மெல்லிய நார்கள், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. தசையைத் திறந்து திறந்து தேடினார்களாம். இப்போது அந்த மனிதரின் பெருவிரல் மடங்குவதில்லை.

எங்கள் கோயிலுக்கு ஐயர் ஒருவர்தான். மகன் கொழும்பில் கணக்காளராக இருக்கிறான், பூசைக்கு வரமாட்டான். இடது கையில் மணி, வலது கையில் தீபம் என்று இரண்டு கையும் வேண்டிய தொழில். பெரிய ஆஸ்பத்திரி யாழ்ப்பாணத்தில், மானம்பூ முடியும் நேரத்தில் கடைசிப் படகு போயிருக்கும்.

மறுநாள் காலையில் ஐயர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் ஐயரும் மனைவியும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஐயர் சிரித்தபடி அம்புகளைக் கொண்டுவந்து வைத்தார். முதலாவதை வளைத்தேன், சத்தமில்லை. இரண்டாவது டிக் என்றது. வளைத்த இடத்தில் பொன் செதில் ஒன்று தெறித்து என் மடியில் விழுந்தது. அது பெயின்ற் வெடிக்கிற சத்தம் என்றார் ஐயர். இருக்கலாம். காய்ந்த வார்னிஷை வளைத்தால் அதுவும் அப்படித்தான் வெடிக்கும். மூன்றாவதும் நான்காவதும் சத்தமிட்டன. ஐந்தாவது பேசாமல் இருந்தது. ஆனால் தடித்த பூச்சு கீறலை இறுக்கிப் பிடித்துச் சத்தத்தை அடக்கியும் வைத்திருக்கலாம். சோதனையின் இரண்டு பதில்களையும் அந்தப் பெயின்ற் செல்லாமலாக்கிவிட்டது.

மைத்துனனை வீடியோவில் அழைத்தேன். அங்கே அவன் படுக்கைக்குப் போகும் நேரம். அம்பைக் கமராவுக்கு முன் பிடித்ததும் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

“ஆர் உதுக்குப் பெயின்ற் அடிச்சது?”

“அம்மன்ரை கையிலை கறுப்பைக் குடுக்கச் சொல்லுறீரோ?” என்றார் ஐயர்.

“எல்லாத்தையும் முறிச்சுப்போடும்.”

“ஆயுத பூசையிலை வைச்சதை முறிக்க ஏலாது. அது இப்ப உம்மடை அம்பில்லை.”

அப்படியென்றால் பூவரசங்கம்பை வெட்டச் சொன்னான். ஐயர் என்னிடமிருந்து தொலைபேசியை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். உமக்கென்ன, நீர் அங்கை இருக்கிறீர், திரும்பவும் தவிலிலை பட்டால் இந்தத் தீவுக்குள்ளை நடந்து திரியவேண்டியது நான் என்று மெதுவாகச் சொன்னார். மூன்று ஆண்டுகளில் அவர் அந்தப் பகிடியைப் பற்றித் தானாக வாய்திறந்தது அப்போதுதான்.

பதில் சொன்னவர் ஐயரின் மனைவி. அதுவரை அவர் மாலைக்குப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“பேர் போனால் ஒரு வருசத்திலை திரும்பி வரும். வந்தது தானே. கை வராது.”

ஐயர் அம்பை மடியில் வைத்துக்கொண்டு செதில் போன இடத்தை நகத்தால் தடவினார். பிறகு சிங்க வாகனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார், எனக்கு முதலில் விளங்கவில்லை. புதிய நிறம் தீட்டுவதற்கு முன் பழைய நிறத்தைச் சுரண்டுகிறார்கள். அம்மன் ஏறியிருந்த வாகனம்தான், ஆனாலும் சுரண்டுவதைக் குற்றம் என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீர் தெளித்துச் சுத்தி செய்தால் போதும். முறிப்பது வேறு, சுரண்டுவது வேறு. அந்த வேறுபாட்டில் ஒரு வழியைக் கண்டுகொண்ட பிறகு அவர் நேரம் கடத்தவில்லை. தின்னர் போடலாமா என்று நான் கேட்டேன். கூடாது, அம்பின் பசையையும் அது இளக்கிவிடலாம் என்று தொலைபேசியிலிருந்து பதில் வந்தது.

உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டினோம். நானும் ஐயரும் அழுத்திச் சுரண்டுகிறோம் என்று அவர் மனைவி எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார். மீன் செதில்போலப் பொன் உதிர்ந்தது. சத்தமிட்ட மூன்றில் ஒன்றுக்கு ஒன்றும் இல்லை, ஐயர் சொன்னதுபோலப் பெயின்ற்தான் வெடித்திருக்கிறது. மற்ற இரண்டிலும், கூருக்குச் சற்றுப் பின்னால், தண்டின் நீளவாக்கில் ஒரு கோடு ஓடியது. விறாந்தையின் நிழலில் தெரியவில்லை, முற்றத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்ததும் தெரிந்தது. சத்தமிடாமல் இருந்த இரண்டில் ஒன்றிலும் அதே கோடு. மிஞ்சியவை இரண்டு. அவற்றைத் திரும்ப வளைத்தேன். ஒன்றில் ஏதோ கேட்டதுபோல இருந்தது. இன்னொருதரம் வளைத்தேன், கேட்கவில்லை. அதையும் விலக்கிவைத்தோம்.

கடைசி ஒன்றை மைத்துனன் திரையில் நீண்ட நேரம் பார்த்தான். எது எது கல்லில் பட்டது என்று கேட்டான். ஐயரால் சொல்ல முடியவில்லை. கறுப்பாக இருந்தபோதும் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன, பொன்னாக மாறிய பிறகும் ஒன்றுபோலத்தான். தானாக இருந்தால் எய்யமாட்டேன் என்று மைத்துனன் சொன்னான். எய்துதான் ஆகவேண்டும் என்றால் கைக்குத் தோலுறை போடட்டும் என்றான். அம்மன் முன்னால் தோலோ என்று ஐயர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் மனைவி உள்ளே போய் ஒரு பழைய பருத்தி வேட்டியைக் கொண்டுவந்து நீளமாகக் கிழித்தார். மஞ்சள் தண்ணீரில் தோய்த்துக் கொடியில் போட்டார். நெடுந்தீவு வெயிலில் அது காய அதிக நேரம் எடுக்கவில்லை. வெறும் அம்புக்கு ஐயர் சந்தனத்தைக் குழைத்து மெல்லப் பூசினார். பெயின்ற் போலல்லாமல் சந்தனம் துடைத்தால் போய்விடும் என்று என்னிடம் சொன்னார். நியாயம் சொல்கிற தொனி அதில் இல்லை, தகவல் சொல்கிற தொனிதான் இருந்தது.

பின்னேரம் அம்மன் வெளியே வந்தபோது வீதியில் வழக்கமான கூட்டம். படகில் வந்த வாழை நட்ட இடத்தில் நேராக நின்றது. புறப்படுவதற்கு முன் மனைவி அவருடைய இடது கையில் அந்த மஞ்சள் துணியை மணிக்கட்டிலிருந்து விரல்களின் அடிவரை மடிப்பு மடிப்பாகச் சுற்றியிருந்தார். பெருவிரலின் அடியில் துணி மிகத் தடிப்பாக இருந்தது. வில்லைப் பிடிக்க ஐயர் சிரமப்பட்டார். உபயகாரர் பக்கத்தில் நின்ற ஒருவர், “என்ன ஐயா, இது புது முறையோ?” என்று கேட்டார். ஐயர் “ஓம்” என்று மட்டும் சொன்னார். கேட்டவர் பக்கத்திலிருந்தவருக்கு அதைச் சொல்ல, பின்வரிசைக்குப் போகும்போது ஆகமத்தில் அப்படி இருப்பதாக ஆகிவிட்டது.

வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து ஐயர் வாழையை நோக்கி நடந்தார். கிட்டப் போனால் முழுக்க இழுக்க வேண்டியதில்லை. நாண் அவர் மார்பின் அரைவாசிவரைதான் வந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கிட்டப்போய் அம்பைக் கையாலேயே குத்திவிடப் போகிறார் என்று ஒரு குரல் கேட்டது. ஐயருக்கும் கேட்டிருக்கும். அவர் இன்னும் ஓரடி முன்னே வைத்தார்.

அம்பு போனதை நான் பார்க்கவில்லை. அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேளம் உயர்ந்ததால்தான் அம்பு தண்டில் நிற்கிறது என்று தெரிந்தது. ஐயர் வில்லைக் கொடுத்துவிட்டு வாளை வாங்கி வாழையை வெட்டினார். துணியில் சிவப்பு எங்கும் இல்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். குசினியில் மின்விளக்கின் கீழே அவர் மனைவி துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெளிச்சுற்றில் ஊசித்துளையளவு இரண்டு புள்ளிகள் மட்டும். அடுத்த சுற்றில், பெருவிரலின் அடியில் வரும் இடத்தில், கறுப்பு மயிர்போல ஒன்று குத்தி நின்றது. பக்கத்தில் இன்னொன்று, அதைவிடக் குட்டை. நகத்தால் பிடுங்க வரவில்லை. துணியை மறுபக்கம் திருப்பினார். முனை அங்கேயும் எட்டிப் பார்த்தது. அதற்கும் உள்ளே இருந்த சுற்றில் எதுவும் இல்லை. ஐயர் தன் கையை விரித்து, பெருவிரலை மற்ற விரல்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வாழையிலிருந்து எடுத்த அம்பு மேசையில் கிடந்தது. சந்தனத்தைத் துடைத்துவிட்டு நுனியிலிருந்து நுனிவரை தேடினேன். நடுவுக்குச் சற்றுப் பின்னால், நாங்கள் காலையில் மணிக்கணக்காகப் பார்த்த இடத்தில், விரல் நுனியில் ஒரு சொரசொரப்பு. அது காலையிலேயே இருந்து எங்கள் கண்ணுக்குத் தப்பியதா, எய்தபோது வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

மைத்துனன் தொலைபேசியில் புது அம்புகள் அனுப்புவதாகச் சொன்னான். நீர் அனுப்பும் என்றார் ஐயர். ஆனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் புதிதாக ஒன்று, எய்ததைத் திரும்பத் தொடமாட்டேன், மதில் பக்கம் எய்து பழகுவதும் இனி இல்லை என்றார். விலை தெரியுமோ என்று இவன் கேட்டான். பூவரசங்கம்பையும் ஒவ்வொரு வருசமும் புதிதாகத்தானே வெட்டினோம் என்றார் அவர்.

மறுநாள் காலையில், முதல்நாள் புது முறையா என்று கேட்டவர் கோயிலுக்கு வந்தார். கையில் துணி சுற்றுவதற்கு என்ன கருத்து, மற்றக் கோயில்களுக்கும் சொல்லவேண்டும் என்றார். ஐயர் உள்ளே போய் அந்தத் துணியைக் கொண்டுவந்தார். வெளிச்சத்தில் விரித்து, கறுப்பு முனை நின்ற இடத்தை அவருக்குக் காட்டினார்.

“முறை ஒண்டும் இல்லை. கையைக் காப்பாத்தக் கட்டினது.”